பயிற்சியில் மாண்ட வாலிபர்கள்

விமானத்தில் திருச்சிக்கு வரும் பிரயாணிகள் சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்து, காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தென்பட்டால் கை கூப்புவதுண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது இதே வானில் பறந்த வாலிபர்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. அன்று தெற்கு வாசலில் நின்றது மொட்டைக் கோபுரம்தான். பதின்மூன்று நிலையும் 236 அடி உயரமும் பெற்று அது நிறைவெய்தியது 1987-ல்.

1942 டிசம்பர் 1-ந் தேதி, இந்திய விமானப் படையின் எட்டாவது ஸ்க்வாட்ரன் திருச்சிராப்பள்ளியில் தோன்றியது. பின்னர் அதற்குக் கிடைத்தவை, அமெரிக்காவில் செய்த 'வெஞ்ஜென்ஸ்' என்னும் குண்டு விமானங்கள். பழி தீர்த்தல் என்பது அப்பெயரின் பொருள். யார்மீது பழி என்று கேட்கத் தோன்றுகிறது! முதலில் வந்தவற்றின் எஞ்சின்கள் எண்ணெயை அளவின்றிக் குடித்தன; அடிக்கடி பழுதுபட்டன. முன்னே விமானி, பின்னே துப்பாக்கி வீரன், ஆக இருவர். பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாகக் கீழே பாய்ந்து, குண்டை விடுத்து, உடனே நிமிர வேண்டும். நிமிர்வதில் ஒரு கணம் பிசகினால் உயிரை வாங்க எதிரி எவனும் வேண்டியதில்லை. இந்த வித்தையைப் பழகிக்கொண்டுதான் எட்டாவது ஸ்க்வாட்ரன் 1943 இறுதியில் அரக்கான் போர்முனைக்குச் சென்றது.

பயிற்சி என்றால் அபாயமற்றது என்று எண்ணிவிடுகிறோம். பிரிட்டனின் குண்டு விமானப் படையில் மட்டும் அந்த யுத்தத்தில் 55,573 பேர் மாண்டனர். அவர்களுள் 8,000 பேருக்கு மேல் பயிற்சியிலும் இதர விபத்துக்களிலும் இறந்தவர்கள். வீட்டுக்குப் போன தந்தி என்னவோ ஒரே மாதிரிதான்.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள யுத்த மயானத்தில் 856 பேர் உறங்குகிறார்கள். தென்னாட்டிலும் கீழ்நாட்டிலும் பல ஊர்களில் சிதறிக் கிடந்த கல்லறைகளை ஒன்று சேர்த்து 1952-ல் அமைத்தது அது. அக்கற்களில் பெயரும் படையும் தேதியும் உண்டு. எப்படி இறந்தான் என்பது இல்லை. போரில் மடிந்தவனையும் பயிற்சியில் விழுந்தவனையும் அங்கே பிரித்தறிய முடியாது. இது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் தகனமான ஹிந்து வாலிபனுக்குக் கல்லறை ஏது? நடுகல் நட்டு, வீரனின் பெயரையும் பீடையும் பொறித்த நாடு நமது நாடு. கல்லறையற்ற விமானிகளைத் தேட இன்று நாம் கடல் கடந்து சிங்கப்பூர்க் கிராஞ்சிக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே சுவர்களில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள். டில்லியில் 2019-ல் எழுந்த தேசியப் போர் நினைவிடமோ சுதந்திரத்துக்குப் பின் மாண்டவர்களுக்கு உரியது.

அன்னியக் கொடியின் கீழ்ப் பறந்தவர்கள்தாமே என்று சிலர் சொல்லக்கூடும். 'வெள்ளையனே வெளியேறு' என்று தேசம் எழுந்து நான்கே மாதங்களில் பிறந்த படை அது, மறுக்கவில்லை. எனினும் 1947-ல் சுதந்திர இந்தியாவுக்குக் கிடைத்த விமானப் படை, இவ்வாலிபர்கள் இருந்த படையேயன்றி வேறல்ல.

ஆடி அமாவாசையன்று அம்மா மண்டபப் படித்துறையில் தர்ப்பணம் முடியுந் தறுவாயில், தாய் தந்தை சுற்றம் இல்லாதவர்களுக்கும் ஒரு கை எள்ளும் நீரும் இறைப்பார்கள். அதில் இவர்களுக்கும் பங்குண்டு என்றே கருதுகிறோம். ஆயினும் பெயர் தெரிந்தவனுக்குப் பெயர் சொல்லி விடுவதல்லவா முறை? திருச்சி விமான நிலையத்தில் 2024-ல் பெரிய புதுக் கட்டடம் திறந்திருக்கிறார்கள். எட்டாவது ஸ்க்வாட்ரன் பிறந்த ஊர் இது என்று ஒரு வரியும், பயிற்சியில் மாண்ட அதன் பிள்ளைகளின் பெயர்களும் பொறித்த ஒரு கல்லுக்கு அங்கே இடமிராமலா போகும்?