சாம்பல்சத்தின் எண் 19: பிள்ளைகளுக்குத் தனிம அட்டவணையை மண்ணிலிருந்து சொல்லித் தருவோம்

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிம வரிசை அட்டவணை வந்துவிட்டால் வீட்டில் ஒரே மனப்பாடம்தான். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று இருபது வரைக்கும் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். ஆனால் உடையார்பாளையம் வட்டாரத்தில் அந்தப் பிள்ளை நிற்கிற மண்ணே பாதி அட்டவணை. அதைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தால் மறக்காது. சொல்லிக் கொடுக்கிற நமக்கும் நம் நிலத்தைப் பற்றி ஒன்றிரண்டு விஷயம் தெளியும்.

முதலில் தனிமம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்கு லாரி லாரியாகப் போகிறதே சுண்ணாம்புக்கல், அது தனிமம் அல்ல. அதில் கால்சியம், கார்பன், ஆக்சிஜன் என்று மூன்று சரக்கு கலந்திருக்கிறது. அந்தக் கால்சியத்தை இன்னும் எளிய பொருளாகப் பிரிக்க முடியாது. அதனால் அது தனிமம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. கிளிஞ்சல், நத்தை, அம்மோனைட் என்று ஓட்டுயிர்கள் கடல்நீரிலிருந்து கால்சியத்தை எடுத்து ஓடு கட்டின. அவை செத்து அடியில் படிந்ததுதான் இன்றைய கல். வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அந்த ஓடுகளைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அட்டவணையில் இன்று 118 கட்டங்கள் உள்ளன. 1869இல் ரஷ்யாவின் மெண்டலீவ் இதை அமைத்தபோது தெரிந்திருந்தவை 63தான். அவர் எடை வரிசையில் அடுக்கிக்கொண்டே வந்தார். ஒரே குணம் உள்ளவை குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். குணம் பொருந்தாத இடத்தில் எதையாவது திணிக்காமல் காலியாக விட்டார். அதுதான் அவருடைய துணிச்சல். அலுமினியத்துக்குக் கீழே இருந்த காலி இடத்துக்கு 'ஏக அலுமினியம்' என்று பெயர் வைத்தார். ஏக என்பது நம் ஊர்க் காதுக்குப் பழகிய சமஸ்கிருத எண்தான். 1875இல் பிரான்சில் அந்தத் தனிமம் கிடைத்தது. பெயர் காலியம். கண்டுபிடித்தவர் அதன் அடர்த்தி 4.7 என்று சொன்னார். மெண்டலீவோ அது 5.9 அளவில் இருக்க வேண்டும் என்றார். மறுபடி சுத்தம் செய்து அளந்தபோது 5.9 வந்தது. பொருளைக் கையில் வைத்திருந்தவரைவிடக் கட்டத்தைப் பார்த்தவர் சொன்னது சரியாகப் போயிற்று. (காலியம் 30 டிகிரிக்குச் சற்று முன்பே உருகிவிடும். நம் சித்திரை வெயிலில் அதைத் தண்ணீர் மாதிரிதான் பார்க்க முடியும்.)

இப்போது எடை வரிசை கிடையாது; அணுவுக்குள் எத்தனை புரோட்டான் இருக்கிறதோ அதுவே வரிசை எண். படுக்கை வரிசைக்குத் தொடர் என்றும், மேலிருந்து கீழாக வரும் வரிசைக்குத் தொகுதி என்றும் பெயர். இடப்பக்கமும் நடுவிலும் இருப்பவை உலோகங்கள். வலப்பக்கம் அலோகங்கள். இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு மாதிரி இறங்குபவை உலோகப்போலிகள். பயிருக்குக் கட்டாயம் வேண்டும் என்று இன்று ஏற்கப்பட்டிருக்கும் 17 தனிமங்களை இதில் வைத்துப் பாருங்கள். பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, மாலிப்டினம், நிக்கல் ஆகிய 9 உலோகங்கள். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம், குளோரின் ஆகிய 7 அலோகங்கள். போரான் மட்டும் உலோகப்போலி.

பொட்டாசியம் உலோகமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆமாம், கத்தியால் வெட்டக்கூடிய மெத்து உலோகம். தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும். அதனால்தான் அது இயற்கையில் தனியாகக் கிடைப்பதில்லை, எப்போதும் உப்பாகவே இருக்கும். நாம் சாம்பல்சத்து என்கிறோம். ஆங்கிலத்தில் பொட்டாஷ் என்றாலும் பானையில் காய்ச்சிய சாம்பல் என்றுதான் பொருள். அட்டவணையில் அதற்குப் போட்டிருக்கும் 'கே' என்ற எழுத்தும் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மூன்று மொழிக்காரர்களும் அடுப்படிக்குப் போய்த்தான் பெயர் எடுத்திருக்கிறார்கள். மணிச்சத்தான பாஸ்பரஸின் கதை இன்னும் வேடிக்கை. 1669இல் ஜெர்மனியில் ஹென்னிங் பிராண்ட் என்பவர் தங்கம் தேடி, மூத்திரத்தைக் காய்ச்சிக் காய்ச்சி வற்ற வைத்தார். தங்கம் வரவில்லை, இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ் வந்தது. கோமியத்தைக் கீழே விடக்கூடாது என்று நாம் சொல்வதற்கு இவரையும் சாட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

உழவனுக்கு அதிகம் உதவுவது தொகுதிதான். ஒரே தொகுதியில் மேலும் கீழும் இருப்பவை பங்காளிகள் மாதிரி. பயிரின் வேர் சில நேரம் ஆள் மாறாட்டத்தில் ஏமாந்துவிடும். பொட்டாசியத்துக்குக் கீழே இரண்டாவது கட்டத்தில் சீசியம். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் கதிர்வீச்சுள்ள சீசியம் வயல்களில் விழுந்தது. நெல் அதை உறிஞ்சாமல் இருக்க உழவர்கள் பொட்டாசியத்தைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். உண்மையான ஆள் நிறைய இருந்தால் போலிக்கு வழி குறையும். துத்தநாகத்துக்கு நேர் கீழே காட்மியம். அதே ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில், துத்தநாகச் சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் நெல்லில் ஏறி, மக்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. பாஸ்பரஸுக்குக் கீழே ஆர்செனிக். அதன் ஒரு வடிவம் பாஸ்பேட் போகும் வாசல் வழியாகவே வேருக்குள் போய்விடும். இயற்கை வேளாண்மையில் அனுமதித்த ராக் பாஸ்பேட்டிலும், எந்தப் பாறை என்பதைப் பொறுத்து, காட்மியம் இருக்கலாம். எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குவது நல்லது.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்பு கலந்த மண்; ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி நிற்கும் செம்மண். சுண்ணாம்பு மண்ணில் கடலை போட்டால் இளங்கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 26ஆம் எண் இரும்பின் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரத்தன்மை அதைக் கரையவிடாமல் பூட்டி வைத்திருக்கிறது. செம்மண்ணில் கதை தலைகீழ். சிவப்பே இரும்பின் நிறம்தான். அங்கே இரும்பும் அலுமினியமும் சேர்ந்து பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே மாவட்டத்தில் ஒருவர் இரும்புக்கும் இன்னொருவர் இரும்பாலும் கஷ்டப்படுகிறார்கள். இரண்டு இடத்திலும் மட்கு உதவுகிறது. அதன் அமிலங்கள் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கின்றன. அடுப்புச் சாம்பல் அப்படியல்ல. புளிப்பான செம்மண்ணுக்கு அது நல்லது, சுண்ணாம்பு மண்ணில் காரத்தை இன்னும் ஏற்றும். சாம்பலைப் புது எருவோடும் கோமியத்தோடும் கலக்கவே கூடாது. நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கில் காரமாக ஏறும் அந்த வாடை நம் தழைச்சத்துதான்.

இங்கே நம் ஆட்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "எங்க வயல்ல ரசாயனமே கிடையாது" என்று சொல்வது பழகிப்போச்சு. அட்டவணை படித்த பிள்ளை, "தண்ணியே ரசாயனம்தானே?" என்று கேட்டால் பதில் இருக்காது. செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் போடுவதில்லை என்று சொல்வோம், அதுதான் உண்மை. இன்னொன்று: நுண்ணுயிர் எல்லாச் சத்தையும் உண்டாக்கிவிடும் என்கிற பேச்சு. ஜீவாமிர்தத்தில் உள்ள நுண்ணுயிர் பூட்டைத் திறக்கும், மாற்றும், எடுத்துத் தரும். இல்லாத தனிமத்தை அதனால் படைக்க முடியாது. ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுவது விண்மீனுக்குள்ளும் அணு உலைக்குள்ளும் கதிரியக்கப் பொருள்களிலும் நடக்கிற சங்கதி. மாட்டு வயிற்றில் நடப்பதில்லை.

அப்படியானால் கணக்கு எப்படி? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் உளுந்தும் வேர் முடிச்சு வழியாக அதை இறக்கித் தரும். அந்த வேலைக்கு இரும்பும் மாலிப்டினமும் வேண்டும். கார்பனும் காற்றிலிருந்தே வருகிறது. ஆனால் பாஸ்பரஸும் பொட்டாசியமும் துத்தநாகமும் காற்றிலிருந்து இறங்கி வராது. வயலை விட்டுப் போனது போனதுதான், திரும்பக் கொண்டுவந்தால் தவிர. நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு நெல்மணியில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. பாஸ்பரஸ் பெரும்பகுதி மணியோடு போகிறது. வைக்கோலைக் கட்டுக் கட்டாக வெளியூருக்கு விற்றுவிட்டு, "சாம்பல்சத்து ஏன் குறையுது" என்று கேட்டால் என்ன சொல்ல? சொந்த மாட்டுக்குப் போட்டால் சாணமாகத் திரும்பும். விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், வாங்கும் எருவிலோ தழையிலோ அந்தக் கணக்கை ஈடுகட்ட வேண்டும்.

பிள்ளைகளுக்கு வயலில் செய்து காட்ட இரண்டு எளிய சோதனை உண்டு. காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். சுண்ணாம்பு மண் என்றால் நுரைக்கும். வெளியேறுவது கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த வாயு. காந்தத்தை ஒரு தாளில் சுற்றி மணலில் இழுத்தால் இரும்புள்ள கறுப்புத் துகள்கள் பெரும்பாலும் ஒட்டும். வீட்டில் இருக்கும் செம்புக் குடம், மண்வெட்டி, அடுப்புக் கரி, உப்பு எல்லாவற்றையும் பரப்பி, எது உலோகம், எது அலோகம், எது தனிமமே அல்ல என்று பிரிக்கச் சொல்லலாம். உப்பில் தகராறு வரும், வரட்டும்.

பிறகு ஒரு அட்டவணைத் தாளில் அந்த 17 கட்டங்களுக்குப் பச்சை அடிக்கச் சொல்லுங்கள். 2015 முதல் தரப்படும் மண்வள அட்டை வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள். அதில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் என்று ஒன்பது தனிமங்களும் கரிமக் கார்பனும் இருக்கும். குறைவு என்று எழுதியிருக்கும் கட்டத்துக்கு மேல் சிவப்பால் வட்டம் போடச் சொல்லுங்கள். கால்சியம், மக்னீசியம், மாலிப்டினம், நிக்கல், குளோரின் கட்டங்கள் வெறும் பச்சையாகவே நிற்கும். அவற்றுக்கு அட்டையில் இடம் இல்லை. வயலில் இலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.