தொலைதூரத்திலிருந்து நாய்க்குட்டி கொண்டு வருவோர் கவனத்திற்கு

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நல்ல நாட்டு நாய் தேடும் விவசாயிகள் பலர். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்கள் தென் மாவட்டங்களுக்கு உரியவை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயிகள் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் போய்க் குட்டி வாங்கி வர வேண்டியிருக்கிறது. தாய், தகப்பன் பார்த்து, கேட்ட விலை கொடுத்து வாங்கிய குட்டி, வீடு வந்து ஒரு வாரத்தில் இறந்து போவது உண்டு. "தண்ணீர் ஒத்துக் கொள்ளவில்லை" என்பார்கள். "கண் பட்டுவிட்டது" என்பாரும் உண்டு. விற்றவரைத் திட்டுவோரே அதிகம். பல சமயங்களில் தவறு வழியில் நம் கையாலேயே நடந்திருக்கும்.

எங்கள் தோட்டத்தில் இப்படி இரண்டு குட்டிகள் போயின. முதல் குட்டியை 35 நாள் வயதில் ராஜபாளையத்திலிருந்து பேருந்தில், மடியில் வைத்துக் கொண்டு வந்தோம். வண்டி மாறிய இடத்தில் குட்டி முனகியது. சிறுநீர் கழிக்கட்டும் என்று பேருந்து நிலையத்துச் சுவரோரம் இறக்கிவிட்டோம். ஐந்து நிமிடம் மோந்து மோந்து சுற்றியது. வீட்டில் நான்கு நாட்கள் துள்ளி விளையாடியது. ஐந்தாம் நாள் தீனி எடுக்கவில்லை, வாந்தி எடுத்தது. மறுநாள் ரத்தக் கழிச்சல். ஏழாம் நாள் இறந்தது. கால்நடை மருத்துவர் 'பார்வோ' என்றார்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது குட்டி வந்தது. கூடைக்கு வீண் செலவு எதற்கு என்று, பழைய கூடையிலேயே, பழைய சாக்கிலேயே படுக்க வைத்தோம். பினாயில் தெளித்துக் காய வைத்ததுதானே என்ற எண்ணம். அதுவும் எட்டாம் நாள் போயிற்று.

பார்வோ என்பது ஒரு வைரஸ் நோய். 1978ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் நாய்களிடையே பரவியது. நோய் கண்ட நாயின் மலத்தில் கிருமி வெளியாகிறது. மலம் காய்ந்து மண்ணோடு மண்ணாகிப் போன பிறகும் கிருமி சாவதில்லை. நிழலான, ஈரமான இடத்தில் பல மாதங்கள், ஓராண்டு வரையிலும் கூட இருக்கும். பினாயில், சோப்பு இவற்றுக்கு அது அசையாது. கிருமி உள்ளே போனபின் மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் பெரும்பாலும் நோய் காட்டும். சில சமயம் இரண்டு வாரமும் ஆகும். எங்கள் முதல் குட்டிக்குப் பேருந்து நிலையத்தில்தான் பிடித்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. விற்ற இடத்திலேயே கூடப் பிடித்திருக்கலாம். ஆனால் நாள் கணக்குப் பொருந்துகிறது. தெரு நாய்கள் திரியும் பேருந்து நிலையம், ரயிலடி, சாலையோர டீக்கடை வாசல் ஆகிய இடங்களில் தடுப்பூசி முடியாத குட்டியின் கால் தரையில் படவே கூடாது. பயணத்தில் முதல் விதி இதுவே.

எந்த வயதில் எடுப்பது?

எட்டு வாரம், அதாவது 56 நாட்கள் முடிந்திருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும் எட்டு வாரத்திற்குட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. பால் மறந்த குட்டிகளுக்குத் தீனிச் செலவு ஏறுவதால் சிலர் 30, 35 நாட்களிலேயே தள்ளிவிடப் பார்ப்பார்கள். "சின்னதாக எடுத்தால்தான் ஒட்டும்" என்பதையும் நம்ப வேண்டாம். எட்டு வாரத்தில் எடுத்த குட்டியும் நன்றாகவே ஒட்டும். உடன்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடித்தான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக் கொள்கிறது. சீக்கிரம் பிரித்தெடுத்த குட்டிகள் பின்னால் ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்து இழுத்து விளையாடும்; அது விளையாட்டோடு நிற்காது.

முன்பணம் கொடுத்துக் குட்டியைத் தாயிடமே விட்டு வாருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முதல் தடுப்பூசியை அங்கேயே போடச் சொல்லி, பிறகு ஒரு வாரமாவது கழித்துப் போய் எடுக்கலாம். குடற்புழு மருந்து கொடுத்த தேதியையும் ஊசிச் சீட்டையும் கேட்டு வாங்க வேண்டும். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். காவலுக்கு எடுப்பவர் இதை மறக்கக் கூடாது.

1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, பயணத்துக்கு முன் கால்நடை மருத்துவரிடம் உடல்நலச் சான்று பெற வேண்டும். இதைச் சடங்காக நினைக்காதீர்கள். காய்ச்சல் உள்ள குட்டி அந்த இடத்திலேயே அகப்பட்டுவிடும்.

கூடையும் வழித்தீனியும்

காற்றோட்டமான, மூடி போட்ட மூங்கில் கூடை போதும். குட்டி எழுந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். அடியில் செய்தித்தாள், மேலே பழைய பருத்தித் துணி. அந்தத் துணியைத் தாய் படுக்கும் இடத்தில் முதல் நாளே போட்டு வைத்திருந்து எடுத்தால், தாயின் வாடை இருக்கும். குட்டி அழுவது பாதியாகக் குறையும். உரம் வந்த பிளாஸ்டிக் பையில் தலையை மட்டும் வெளியே விட்டுக் கட்டிக் கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பையில் காற்றும் இல்லை, ஒட்டியிருக்கும் உரத்தை நக்கவும் நேரும்.

புறப்படுவதற்கு இரண்டு, மூன்று மணி நேரத்திற்கு முன் பாதி வயிறு தீனி கொடுத்தால் போதும். வயிறு முட்டக் கொடுத்தால் வண்டி குலுங்கக் குலுங்க வாந்தி எடுக்கும். வாயில் எச்சில் ஒழுகத் தொடங்கினால் அடுத்தது வாந்திதான். மனிதர்களுக்கான வாந்தி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அதற்காக நாள் முழுவதும் பட்டினி போடுவதும் தவறு. நான்கு மணிக்கொரு முறை, பழகிய தீனியைச் சிறிதளவு கொடுக்க வேண்டும். தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போய் இடையிடையே நக்க விடலாம். குட்டி துவண்டு, ஈறு வெளுத்து, கூப்பிட்டால் விழிக்காமல் கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். குளூக்கோஸ் கரைசலை விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கடையில் பால் வாங்கி ஊற்றுவது, கிரீம் பிஸ்கட் கொடுப்பது வேண்டாம். சாக்லேட் நாய்க்கு நஞ்சு.

"நீங்கள் வர வேண்டாம், பஸ்ஸில் பார்சலாகப் போட்டு விடுகிறேன்" என்று விற்பவர் சொன்னால் ஒப்புக் கொள்ளாதீர்கள். சாமான் வைக்கும் அடிப் பெட்டியில் காற்றில்லை, சூடு ஏறும், குட்டி துவண்டால் பார்க்க ஆளில்லை. நாய்க்கு உடம்பில் வியர்த்துச் சூடு தணிவதில்லை, மூச்சிரைத்துத்தான் தணிய வேண்டும். ஆகவே பகல் வெயிலில் பயணம் வேண்டாம். மாலையில் புறப்பட்டு விடியற்காலை வந்து சேர்வது நல்லது. பேருந்தில் என்ஜின் சூடு படும் இடத்தையும், தூக்கிப் போடும் கடைசி இருக்கையையும் தவிர்த்து நடுவில் உட்காருங்கள். ரயிலானால் பார்சல் அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டு ரசீது போட வேண்டும். கார்டு வண்டிக் கூண்டில் சிறு குட்டியைத் தனியே அடைக்க எனக்கு மனம் வராது. நான்கைந்து பேர் சேர்ந்து கார் அமர்த்தி, ஆளுக்கொரு குட்டியாகக் கொண்டு வருவதும் உண்டு. டீ குடிக்க இறங்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குட்டியை உள்ளே விடக் கூடாது. வெயிலில் நிற்கும் கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும்.

வீடு வந்த பின்

முன்னர் குட்டி இறந்த வீடானால், அந்த இடத்தில் ஓராண்டுக்குப் புதுக் குட்டியை விடாதீர்கள். கூடை, சாக்கு, தட்டு எல்லாவற்றையும் எரித்தோ புதைத்தோ விட வேண்டும். சிமெண்டுத் தரையை முதலில் நன்றாகக் கழுவி, 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, பத்து நிமிடமாவது ஈரமாக விட்டுக் கழுவினால் கிருமி சாகும். மண் தரைக்கு இது அவ்வளவாகப் பலிக்காது.

முதல் நான்கைந்து நாட்கள் பழைய தீனியே கொடுக்க வேண்டும். கேப்பைக் கூழ் தின்றது என்றால் கேப்பைக் கூழே. பிறகு சிறிது சிறிதாக மாற்றலாம். வீட்டிலுள்ள பெரிய நாயோடு இரண்டு வாரம் சேர்க்கக் கூடாது. எலி மருந்து வைத்த மூலை, கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, மாட்டின் காலடி ஆகிய மூன்றும் புதுக் குட்டிக்கு எமன். இரவில் அழுதால் கட்டிப் போட்டு அடிக்காமல், ஆள் படுக்கும் கட்டிலருகே கூடையை வைத்தால் இரண்டு மூன்று நாட்களில் அடங்கும்.

முதல் ஊசியோடு காவல் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். எனவே மூன்று, நான்கு வாரத்திற்கொரு முறை, 16 வார வயது வரை போட வேண்டும். மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி.

எங்கள் மூன்றாவது குட்டியை 62ஆம் நாள் எடுத்து, இரவுப் பேருந்தில், புதுக் கூடையில் கொண்டு வந்தோம். வண்டி மாறும்போதும் கூடையைத் தரையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தோம். வீட்டு மாடியில், வேறு நாய் ஏறாத இடத்தில் கடைசி ஊசி வரை வளர்த்து, அதன் பிறகே தோட்டத்தில் விட்டோம்.