எந்தச் சோறு நல்லது?

"குக்கர் சோறு தின்றால் இனிப்புநீர் ஏறும், வடித்த சோறுதான் நல்லது" என்பார் மாமியார். "வடித்தால் சத்தெல்லாம் கஞ்சியோடு போய்விடுமே" என்பாள் மருமகள். நம் வீடுகளில் இந்த வாதம் இன்றும் நடக்கிறது. யார் சொல்வது சரி? இத்தகைய கேள்விக்கு விடை காணும் வழியைக் கோலாலம்பூரில் நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஓர் ஆராய்ச்சி காட்டுகிறது. அதைத் தெரிந்துகொள்வோம்.

அந்தக் காலத்து மலாயாவில் 'பெரிபெரி' என்னும் நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்துப் போகும், உடல் வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை அது வாட்டி எடுத்தது. தோட்டங்களில் பாடுபட்ட நம் மக்களில் பெரும்பாலோர் அதற்குத் தப்பினர். சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. நம்மவர் உண்டது புழுங்கல் அரிசி. இந்த வேற்றுமையை டாக்டர் பிராடன் என்பவர் எடுத்துச் சொன்னபோது பலர் நம்பவில்லை.

டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் அதைச் சோதித்துப் பார்த்தார். 1905 டிசம்பரில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குப் பச்சரிசிச் சோறு, மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசிச் சோறு. மற்ற உணவில் வேற்றுமை இல்லை. இடத்தில் ஏதும் கோளாறோ என்ற ஐயம் தீர, நடுவில் இரு பிரிவினரின் வார்டுகளையும் மாற்றினார். ஓராண்டு முடிவில், பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

காரணம் என்ன? நெல்லின் தவிட்டில் பி1 என்னும் உயிர்ச்சத்து இருக்கிறது. ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவித்தால், அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கித் தங்கிவிடும். நம் முன்னோர் அவித்த நெல் அவர்களைக் காத்தது.

இனி நம் வீட்டு வாதத்துக்கு வருவோம். பி1 சத்து நீரில் கரையக்கூடியது. அரிசியைப் பலமுறை கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் அது குறையும். குக்கரில் நீர் முழுவதும் சோற்றிலேயே சுண்டுவதால் சத்து அதிகம் தங்கும். இவ்வளவில் மருமகள் சொன்னது சரி. வடிக்கும்போது கொஞ்சம் மாவுச்சத்தும் கஞ்சியோடு போகும். ஆகவே மாமியார் சொன்னதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மாவுச்சத்தின் பெரும்பகுதி பருக்கையிலேயே இருக்கிறது. "வடித்த சோறுதானே" என்று இரண்டு தட்டு உண்டால் என்ன பயன்?

இன்று நம்மைத் தாக்குவது பெரிபெரி அல்ல, இனிப்புநீர். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, இந்நோய் இருக்கிறது. இந்தியர்களிடையே இது மற்றவர்களைவிட அதிகம். விடியற்காலையில் பால்மரம் வெட்டி, மைல் கணக்கில் நடந்தவர்களுக்கு அந்தத் தட்டுச் சோறு தேவைப்பட்டது. கிள்ளானில் லாரி ஓட்டுகிறவருக்கும், பிரிக்ஃபீல்ட்ஸில் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே அளவு தேவையா?

டாக்டர் ஃபிளெட்சர் செய்ததை நாமும் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். அவர் ஒன்றை மட்டும் மாற்றினார், மற்றவற்றை மாற்றவில்லை. வீட்டில் சர்க்கரை அளக்கும் கருவி இருந்தால், ஒரு நாள் குக்கர் சோறும், மறுநாள் வடித்த சோறும் உண்ணலாம். அளவு ஒன்றாக, கறியும் ஒன்றாக இருக்கட்டும். உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து அளந்து எழுதி வைப்போம். பிறகு சோற்றைக் குறைத்து, கீரையும் பருப்பும் கூட்டி அளப்போம். ஒரு நாள் கணக்கை நம்பாமல், சில நாள் பார்த்து முடிவு செய்வோம்.

ஓர் எச்சரிக்கை: மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். அவர்கள் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும். சோதனைக்காக மருந்தை நிறுத்தவே கூடாது.

பக்கத்து வீட்டார் சொன்னார், விளம்பரத்தில் கேட்டோம் என்று உணவை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். அன்று அந்த மருத்துவமனையில் இருந்தவர்களுக்குத் தங்கள் தட்டில் எந்தச் சோறு விழவேண்டும் என்று சொல்லும் உரிமை இல்லை. நமக்கு அந்த உரிமை இருக்கிறது. அதை அளந்து பார்த்துப் பயன்படுத்துவோம்.