நல்ல தண்ணி முதல்ல: கருமருந்து ரிவால்வரும் அதோட கசடும்

இந்த எபிசோட் ஒரு வீடியோ கேம்ல ஆரம்பிச்சுது.

போன மாசம் தம்பி ஹால்ல உட்கார்ந்து ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 விளையாடிட்டு இருந்தான். கதை நடக்கிறது 1899ல. கையில ரிவால்வர், சுட்டுக்கிட்டே இருக்கான். கொஞ்ச நேரத்துல துப்பாக்கி அழுக்காயிடுச்சுன்னு ஸ்க்ரீன்ல காட்டுது. கன் ஆயில் எடுத்து துணியால நாலு தேய் தேய்க்கிறான், பளபளன்னு ஆயிடுது. பின்னாடி டீ குடிச்சிட்டு இருந்த எங்க சித்தப்பா கேட்டார்: "ஏண்டா, தண்ணில கழுவாம எண்ணெய் போடுற?"

சித்தப்பாவுக்குத் துப்பாக்கி பத்தி ஒண்ணும் தெரியாது. அவர் காசிமேட்டுல ஃபைபர் போட் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர். ஆனா அவர் சொன்னதுதான் சரி. கேம் பண்ணினவங்க விட்டுட்டாங்க.

காசிமேட்டுல கடலுக்குப் போய்ட்டு வந்த இன்ஜினை முதல்ல நல்ல தண்ணி விட்டு அலசுவாங்க, அப்புறம்தான் எண்ணெய். உப்பு மேல எண்ணெய் பூசினா உப்பு உள்ளேயே மாட்டிக்கும், ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், துரு அடியில வேலை பார்க்கும். ராயபுரத்துல பைக் வெச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வாங்க.

துப்பாக்கிக்குள்ள உப்பு எங்கேர்ந்து வந்துச்சு? கருமருந்துல இருக்கிறது வெடியுப்பு, கரி, கந்தகம். வெடியுப்புன்னா பொட்டாசியம் நைட்ரேட். இது எரிஞ்சா எல்லாமே புகையா போயிடும்னு நாம நினைக்கிறோம். போகாது. 1870கள்ல நோபிள், ஏபல்னு ரெண்டு பேர் மூடின இரும்புக் கலத்துக்குள்ள கருமருந்தை வெடிக்க வெச்சு அளந்தாங்க. எடையில பாதிக்கும் மேல திடப்பொருளாத்தான் மிஞ்சுது. பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட், சல்ஃபேட், சல்ஃபைடு. அதாவது உப்பு வகைகள். அந்த வெள்ளைப் புகையே காத்துல மிதக்கிற இந்தத் துகள்தான். மிச்சம் இரும்பு மேல ஒட்டிக்கும். அதைத்தான் கசடுங்கிறேன். வறண்ட ஊர்ல அது ஓடு மாதிரி இறுகிப்போகும், துப்பாக்கி சிக்கிக்கும். நம்ம ஊர் மாதிரி கடற்கரையில ஈரத்தைக் குடிச்சு சேறாகும், துப்பாக்கி ஓடும், ஆனா ராத்திரியோட ராத்திரியா துரு பிடிக்கும். எது பரவாயில்லன்னு கேட்காதீங்க.

ரிவால்வருக்கு இதுல ஒரு தனித் தலைவலி. குண்டு இருக்கிற சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவுல ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. அது இல்லன்னா சிலிண்டர் சுத்தவே சுத்தாது. ஒவ்வொரு தடவை சுடும்போதும் சூடான வாயு அந்த இடைவெளி வழியா பக்கவாட்டுல பீய்ச்சி அடிக்கும். கசடு போய் உட்கார்ற இடம் சிலிண்டரோட முன்முகமும், அது சுத்துற அச்சும். சைக்கிள் சக்கர அச்சுல சிமென்ட் போன மாதிரிதான். அதனால 1850கள்ல வந்த மாடல்களை நான் ஒரே கேள்வி வெச்சுத்தான் பார்ப்பேன்: கசடு எங்க போகுது?

கோல்ட் கம்பெனியோட 1851 நேவி மாடலுக்கு மேல்பக்கம் சட்டமே இல்ல, திறந்தே இருக்கும். சிலிண்டர் சுத்துற அச்சு தடிமனா இருக்கும், அதுல கிரீஸ் தங்குறதுக்குன்னே வரிப்பள்ளம் வெட்டியிருப்பாங்க. அதனால கசடு வந்தாலும் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும். பக்கத்துல இருக்கிற ஆப்பைத் தட்டி எடுத்தா குழல் தனியா வந்துடும், கழுவ வசதி. குறைன்னா, வெடிச்ச தொப்பியோட செப்புத் துண்டு மேல இருந்து உள்ள விழுந்து சுத்தியலுக்கு அடியில சிக்கிக்கும்.

ரெமிங்டன் இதுக்கு நேர் எதிர். சிலிண்டருக்கு மேல இரும்புச் சட்டம் மூடியிருக்கும், முறுக்கினாலும் அசையாது. பார்க்கிறதுக்கு இதுதான் நல்ல டிசைன். ஆனா அச்சு ஒல்லி. பீய்ச்சி அடிக்கிற வாயு நேரா அதுமேல போகும், கிரீஸ் தங்க இடமும் கம்மி. கோல்ட் சுத்திக்கிட்டு இருக்கும்போதே இது இறுக ஆரம்பிச்சிடும். ஆனா அச்சை இழுத்தா சிலிண்டர் கையோட வந்துடும், ஈரத்துணியால ஒரு துடை போதும். என்னைக் கேட்டா, ரெண்டுல கோல்ட் அச்சுதான் புத்திசாலித்தனம்.

மூணாவது, லண்டன்ல ராபர்ட் ஆடம்ஸ் செஞ்சது. குழலும் சட்டமும் ஒரே இரும்புத் துண்டு, குண்டு அஞ்சு. விசையை இழுத்தாலே சிலிண்டரும் சுத்தும், சுத்தியலும் எழும்பி அடிக்கும். கைகலப்புல பெரிய வசதி. ஆனா கசடு சேர்ந்தா அந்த மொத்த பாரமும் ஒரே விரல்ல வந்து விழும். கோல்ட்ல கட்டைவிரலால சுத்தியலை இழுக்கிறப்போ பலம் கொடுத்துச் சமாளிக்கலாம். 1856ல பியூமான்ட்னு ஒரு ராணுவ இன்ஜினியர் இதை மாத்தி, ரெண்டு விதமாவும் சுடலாம்னு ஆக்கினார்.

அதே 1856லதான் ராயபுரம் ஸ்டேஷன்ல இருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் கிளம்புச்சு. அடுத்த வருஷம் மே மாசம் சென்னைக் கரையில இருந்து மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் படை கல்கத்தாவுக்குப் போச்சு, தலைவர் கர்னல் நீல். மவுன்ட் ரோடுல சிலையா நின்னு, 1927ல போராட்டம் நடந்து, 1937ல ராஜாஜி ஆட்சியில மியூசியத்துக்குப் போனாரே, அவரேதான். அப்போ ஹார்பர் கிடையாது. மசூலா படகுல ஏறி, அலையில நனைஞ்சு, தூரத்துல நிக்கிற கப்பலுக்குப் போகணும். துப்பாக்கிக்கு முதல் உப்பு அங்கேயே கிடைச்சிருக்கும்.

அதிகாரிங்க ரிவால்வரைச் சொந்தக் காசுலதான் வாங்குவாங்க, கோல்ட்டா ஆடம்ஸான்னு சண்டையே நடக்கும். ஆனா 1857ல வெடிச்ச பிரச்சினை சிப்பாயோட என்ஃபீல்டு ரைஃபிளுக்கு வந்த தோட்டா. பள்ளிக்கூடத்துல "பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு"ன்னு படிச்சோம். தோட்டாவுல கொழுப்பு ஏன் இருக்கணும்னு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? எனக்கு இல்ல.

கசடுக்காகத்தான். என்ஃபீல்டுக்குக் குண்டை வாய்ப்பக்கமிருந்து குத்தி இறக்கணும். குழலுக்குள்ள வரிப்பள்ளம் இருக்கு. சுடச்சுட அதுல கசடு இறுகி, அடுத்த குண்டு பாதியில நின்னுடும். எதிரி எதிர்ல நிக்கிறப்போ அது உயிர்ப் பிரச்சினை. குண்டைச் சுத்தின காகிதத்துல கொழுப்பு தடவினா, ஒவ்வொரு குண்டும் இறங்கும்போது பழைய கசடு இளகும்.

எந்தக் கொழுப்புங்கிறதுதான் கேள்வி. 1853லேயே கர்னல் டக்கர், அது என்ன கொழுப்புன்னு தெளிவாகாம இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுக்காதீங்கன்னு எச்சரிச்சார். டிக்கெட்டை அப்படியே மூடிட்டாங்க. 1857 ஜனவரி 27ல, "உங்களுக்குப் பிடிச்சதை நீங்களே தடவிக்கோங்க"ன்னு உத்தரவு வந்துச்சு. நம்ம ஆஃபீஸ்ல ரிலீஸ் ஆனப்புறம் யூசர் செட்டிங்ல போட்டு விடுற மாதிரி. அதுக்குள்ள பராக்பூர்ல காகிதத்து மேலேயே சந்தேகம் வந்தாச்சு.

சரி, நம்ம வீட்டு எண்ணெய் எது போட்டிருக்கலாம்? தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிடும், சென்னையில தோட்டாவுல நிக்கவே நிக்காது. நெய்யும் வெயில் தாங்காது. தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல வேணும். அதனால மெழுகோட எண்ணெய் கலந்ததுதான் ஒத்துவரும். பிரிட்டிஷ்காரங்களும் கடைசியில மெழுகுக்குத்தான் வந்தாங்க. இந்திய வெயில்ல குண்டு இறங்க மறுத்ததால அதோட விட்டத்தையும் 0.568 அங்குலத்துல இருந்து 0.55க்குக் குறைச்சாங்க. ரிவால்வர்லயும் இதே மெழுகுக் கலவையைக் குண்டுக்கு அடியில வட்டத்துணியில நனைச்சு வைப்பாங்க. குண்டுக்கு மேல அப்பினா வெயில்ல வழிஞ்சு உறைக்குள்ள போயிடும்.

சுட்டு முடிச்சப்புறம் சித்தப்பா வழிதான். கொதிக்கிற தண்ணி. கசடு உப்புங்கிறதால கரைஞ்சு போகும், இரும்பு சூடாகிறதால ஈரம் தானா காயும். அதுக்கப்புறம் எண்ணெய்.

1880கள்ல புகையில்லா மருந்து வந்து இந்தக் கசடை ஒழிச்சிடுச்சு. நீலகிரி அருவங்காட்டுல இருக்கிற கார்டைட் ஃபேக்டரி அந்த வகை மருந்துக்குத்தான் வந்துச்சு. ஆனா 303 ரைஃபிள் வெச்சிருந்த சிப்பாய்ங்க, ரெண்டாம் உலகப்போர்லயும் குழலுக்குள்ள கொதிக்கிற தண்ணிதான் ஊத்தினாங்க. தோட்டா அடியில இருக்கிற பத்தவைக்கிற மருந்துல பொட்டாசியம் குளோரேட் இருந்துச்சு. அது எரிஞ்சா பொட்டாசியம் குளோரைடு. மறுபடியும் உப்பு.

தம்பிகிட்ட இதெல்லாம் சொன்னேன். "கேம்ல தண்ணி ஆப்ஷன் இல்லண்ணா"ன்னான்.