உளி தொடாத முகம்

போடிப் பக்கத்துக் கொட்டகுடி ஆற்றில் கோடைக்குத் தண்ணீர் சுண்டிவிட்டால் படுகை முழுக்கக் கல்தான். எல்லாம் குரங்கணிப் பக்கத்து மலையிலிருந்து உருண்டு வந்தவை. நின்ற இடத்தில் குனிந்து பொறுக்கினாலே ஐந்தாறு நிறம் தேறும். பால் வெள்ளையில் குவார்ட்ஸ், சாம்பல் வரி ஓடிய நைஸ், லேசான சிவப்பில் ஃபெல்ஸ்பார், கறுப்பா பச்சையா என்று சொல்ல முடியாத சார்னோகைட், துரு ஏறின மஞ்சளில் ஒன்றிரண்டு. இந்தக் கற்களை உடைக்கக் கூடாது, செதுக்கக் கூடாது, சாயம் ஏற்றக் கூடாது. அப்படியே அடுக்கி ஒரு மனித முகத்தைக் கொண்டுவர வேண்டும். கன்னம் மேடாகத் தெரிய வேண்டும், தாடைக்குக் கீழே நிழல் விழ வேண்டும். நடக்கிற காரியமா?

கி.மு. 300-ஐ ஒட்டி, வட கிரேக்கத்துப் பெல்லா நகரில் இதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

பெல்லா மாசிடோனிய அரசர்களின் தலைநகர். அலெக்சாண்டர் கி.மு. 356-இல் பிறந்த ஊர். 1957-இல் அங்கே பெரிய அளவில் அகழாய்வு தொடங்கியபோது பணக்காரர்களின் வீடுகளும், அவற்றின் கூடங்களில் கூழாங்கல் பதித்த தளங்களும் வெளிப்பட்டன. ஒரு தளத்தில் மதுவின் கடவுளான டயோனைசஸ் சிறுத்தை மேல் ஒயிலாக உட்கார்ந்திருக்கிறார். இன்னொன்றில் சிங்க வேட்டை. மூன்றாவது மான் வேட்டை. என் கணக்கில் இந்த மூன்றாவதுதான் உச்சம்.

இரண்டு இளைஞர்கள் ஒரு மானை மடக்கியிருக்கிறார்கள். ஒருவன் கையில் இருபக்கமும் வாயுள்ள கோடரி, மற்றவன் கையில் ஓங்கிய வாள். நாய் பாய்ந்து மானைக் கவ்வுகிறது. மேலாடைகள் காற்றில் விரிகின்றன. வாள்காரனின் தொப்பி தலையிலிருந்து கழன்று பறக்கிறது. பின்னணி கருமை, உடல்கள் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் தொடையின் திரட்சியும் விலா எலும்பின் வரியும் சாம்பல் கற்களால் வந்திருக்கின்றன. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்றுகூடச் சொல்லிவிடலாம். சுற்றிலும் பூவும் கொடியும் சுருண்டோடும் கரை. பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெறும் கல். பத்தடி தள்ளி நின்றால் தசை.

இந்த வேலையில் பாதி, கல்லைப் பதிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. போடி ஏலக்காய்க் கடைகளில் சரக்கு வந்ததும் சல்லடையில் போட்டு 8 மி.மீ., 7 மி.மீ. என்று பிரிப்பார்கள். பிறகு பெண்கள் உட்கார்ந்து நிறம் பார்த்துக் கையால் பொறுக்குவார்கள், பச்சை மங்கியது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று. கூழாங்கல் ஓவியன் செய்வதும் இதேதான். வெள்ளை என்று ஒரே குவியல் வைத்தால் முகம் தட்டையாகிவிடும். தூய வெள்ளை, மஞ்சள் கலந்த வெள்ளை, அழுக்கு வெள்ளை, வெளிர் சாம்பல் என்று அவனுக்குப் பல குவியல் வேண்டும். நெற்றியிலிருந்து காது வரைக்கும் இந்தப் படிகளில்தான் அவன் இறங்கி வர முடியும். அளவும் முக்கியம். மேலாடைக்குச் சற்றே பெரிய கல் போதும். உதட்டுக்கும் மூக்குக்கும் பொடிக்கல் வேண்டும்.

பிறகுதான் தளம். கெட்டிப்படுத்திய மண்ணின் மேல் சரளைப் படுக்கை, அதன் மேல் சுண்ணாம்புச் சாந்து, கடைசியாக நைசான சாந்து ஒரு பூச்சு. அது இறுகுவதற்குள் கல்லைப் பதித்தாக வேண்டும் என்பதால் அன்றன்றைக்கு முடிக்கக்கூடிய பரப்புக்குத்தான் சாந்து போடலாம். கல்லைப் படுக்கவைத்தால் நாள்பட நடையில் பெயர்ந்து வந்துவிடும். செங்குத்தாக நிறுத்தி, பாதிக்கு மேல் சாந்துக்குள் புதைத்தால் நிற்கும். வெளியே தெரிவது அதன் நெற்றி மட்டும். வரிசை ஓடும் திசையும் உடம்பின் வளைவோடு போக வேண்டும். தோளில் கற்கள் வளைந்து இறங்கினால் கண்ணும் கூடவே இறங்கும்.

உருண்டைக் கல்லால் கூர்மையான கோடு வராது. இமை, விரல் இடுக்கு, சுருட்டை முடி எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பெல்லாக்காரர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். மெல்லிய ஈயத் தகட்டையும் சுட்ட மண் பட்டையையும் வளைத்து, விளிம்பு மட்டும் தெரியும்படி சாந்தில் செருகிவிட்டார்கள். சுத்தவாதிகள் இதை ஏமாற்று என்று சொல்லலாம். எனக்கு இது கெட்டிக்காரத்தனமாகத்தான் படுகிறது.

இந்தத் தளங்கள் பெரும்பாலும் ஆண்கள் சாய்ந்து படுத்து விருந்துண்ணும் அறைகளில் இருந்தன. சுவரோரம் கட்டில்கள், நடுவில் படம். விருந்து முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். கழுவும்போது இன்னொன்றும் நடக்கும். காய்ந்த கூழாங்கல்லின் மேற்பரப்பு சொரசொரப்பானது. விழும் ஒளியை நாலாபக்கமும் சிதறடித்து, மேலே வெளுப்பு பூசியதுபோல் காட்டும். தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பிச் சமமாக்கியதும் சிதறல் குறைந்து உள்நிறம் எழும்பும். கொட்டகுடியில் சாம்பலாகக் கிடக்கும் சார்னோகைட்டை நனைத்தால் கரும்பச்சை தெரிவது இதனால்தான். நனைந்த மான் வேட்டை, காய்ந்த மான் வேட்டையைவிட இரண்டு மடங்கு அழுத்தமாக இருந்திருக்கும்.

இந்தக் கலை பெல்லாவில் பிறக்கவில்லை. இன்றைய துருக்கியில் இருக்கும் கோர்டியனில் கி.மு. 9-ஆம் நூற்றாண்டுக் கூழாங்கல் தளம் கிடைத்திருக்கிறது. முழுக்க வடிவக் கோலங்கள், ஆள் உருவம் இல்லை. பிறகு ஒலிந்தஸ். அலெக்சாண்டரின் அப்பா பிலிப் கி.மு. 348-இல் தரைமட்டமாக்கிய ஊர். அங்கே கறுப்புப் பின்னணியில் வெள்ளை உருவங்கள் வந்துவிட்டன, ஆனால் கத்தரித்து ஒட்டியதுபோல் தட்டையாக. அதற்கடுத்த அரை நூற்றாண்டில் நிழலும் திரட்சியும் வந்து, பெல்லாவில் கல் சதையானது.

வாளோங்கியவன் யார்? நெற்றிக்கு மேலே நடு வகிடெடுத்து மேல்நோக்கி எழும் முடி அலெக்சாண்டரின் சிலைகளில் பழகிய அடையாளம். அதை வைத்து இவன் அலெக்சாண்டர், கோடரிக்காரன் அவன் நண்பன் ஹெபெஸ்தியோன் என்று சிலர் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் எவரும் பெயர் எழுதி வைக்கவில்லை. இந்த ஊகத்தை நான் பாதிதான் ஏற்பேன். அந்தக் காலத்தில் மாசிடோனியாவில் எந்த வீரனை வரைந்தாலும் கொஞ்சம் அலெக்சாண்டர் சாயல் வந்திருக்கும். ஆனால் படத்தின் மேற்பகுதியில் கல்லாலேயே ஒரு வரி எழுதியிருக்கிறது: இதைச் செய்தது க்னோசிஸ். நமக்குக் கிடைத்திருப்பவற்றில் ஒரு மொசைக் கலைஞன் போட்ட முதல் கையெழுத்து இதுதான். ராஜாவின் முகம் ஊகம், தொழிலாளியின் பெயர் உறுதி! தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சன் பெயரைப் படிக்கும்போது வரும் சந்தோஷம் இங்கேயும் வருகிறது.

மாசிடோனியப் படையோடு இந்தத் தொழிலும் கிழக்கே நடந்தது. ஆப்கானிஸ்தானின் வட எல்லையில், ஆமூ நதிக்கரையில், ஐ-கானூம் என்ற கிரேக்க நகரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 1960-களிலும் 70-களிலும் தோண்டினார்கள். அங்கே அரண்மனைக் குளியலறையில் கூழாங்கல் தளம். டால்பின், நண்டு, கடற்பிராணிகள், நடுவே மாசிடோனிய நட்சத்திரம். கடலே இல்லாத நாட்டில் நண்டு! அதே நகரத்தில் 1970-இல் கிடைத்த அகதோக்ளிஸ் மன்னனின் வெள்ளிக் காசுகளில் கிருஷ்ணனும் பலராமனும் நிற்கிறார்கள். பின்னாளில் ஆப்கன் போர்க்காலத்தில் அந்த ஊரைக் கொள்ளையர்கள் சல்லடையாகத் துளைத்துவிட்டார்கள்.

நம் பக்கத்துக்கும் பெல்லாவுக்கும் நேரடி உறவு இருந்ததா என்று கேட்டால், ஒரு பாறை சாட்சி இருக்கிறது. அசோகரின் 13-ஆம் பாறைக் கட்டளை, மேற்கே இருந்த கிரேக்க அரசர்களையும் தெற்கே இருந்த சோழ பாண்டியர்களையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அந்தப் பட்டியலில் வரும் அண்டிகோனஸ், பெல்லாவிலிருந்து ஆண்ட மாசிடோனிய மன்னன். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோப்ராஸ்டஸ் தம் தாவர நூலில் ஏலத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயரைக் குறிப்பிட்டு, அது இந்தியாவிலிருந்து வருவதாகச் சிலர் சொல்கிறார்கள் என்று எழுதினார். அது நம் மலை ஏலம்தானா என்று தாவரவியலாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆனால் கூழாங்கல் ஓவியம் தமிழ்நாட்டுத் தரையில் இறங்கவில்லை. என் எண்ணத்தில் காரணம் கால். சாமி உருவத்தையோ அரசன் முகத்தையோ மிதித்துக்கொண்டு சாப்பிட உட்கார நமக்கு மனம் வராது. டயோனைசஸைத் தரையில் போட்டு அதன் மேல் மதுக்கிண்ணம் வைத்தவர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. நம் கோயில் வாசல்களில் தரையில் செதுக்கிய உருவங்கள் உண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடும் அடியார்கள். அடுத்த பக்தனின் காலடி தன்மேல் படட்டும் என்று விரும்பிப் போட்டுக்கொண்டது அது. மற்றபடி நம் தரை ஓவியம் கோலம். காலையில் போட்டு, மாலைக்குள் அழிந்து, மறுநாள் புதிதாக வருவது.

கிரேக்கத்திலேயே கூழாங்கல்லின் ஆட்சி நீடிக்கவில்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் கல்லைச் சிறு சதுரங்களாக வெட்டிப் பதிக்கும் முறை வந்தது. சதுரம் இடைவெளி விடாது, வேண்டிய நிறப் பளிங்கை வேண்டிய அளவில் நறுக்கிக்கொள்ளலாம். அந்த வழியின் சிகரம் பாம்பெயில் 1831-இல் கிடைத்த அலெக்சாண்டர் போர்க்காட்சி, ஏறக்குறைய 15 லட்சம் துண்டுகள். அதில் அலெக்சாண்டரின் முகம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது. பிற்காலத்தில் வெனிஸ் வேலையாட்கள் மிஞ்சின பளிங்குச் சில்லுகளைக் குழைத்துத் தேய்த்த தரைதான், சிமென்ட் யுகத்தில் நம் வீடுகளுக்கு 'மொசைக்' என்று வந்தது. சிப்ஸ் கலந்து போட்டு, மிஷின் விட்டுத் தேய்த்து, ஆக்ஸாலிக் ஆசிட் பாலிஷ் போட்ட அந்தத் தரையில் படுத்துத்தான் ஒரு தலைமுறை கோடையைக் கடத்தியது.

கூழாங்கல் முறை அடியோடு சாகவும் இல்லை. ரோட்ஸ் தீவின் முற்றங்களில் கறுப்பு வெள்ளைத் தளங்கள் இருக்கின்றன. சீனாவின் சூச்சௌ தோட்டங்களில் நடைபாதைகள் கூழாங்கல் பூக்களால் ஆனவை. இங்கிலாந்தில் மேகி ஹோவர்த் என்ற கலைஞர் இதைத் தலைகீழ் முறையில் மீட்டெடுத்தார். அச்சில் நைசான மணல் பரப்பி, கல்லின் முகம் கீழே இருக்கும்படி அடுக்கி, மேலே கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் புரட்டிப் போடுவது. வீட்டில் ஒரு சதுர அடிக்கு முயல்கிறவர்களுக்கு இதுவே வசதி. ஒரு வாளி கல் போதும். லாரி கணக்கில் ஆற்றை அள்ளுவது வேறு தொழில். கான்கிரீட் ஊற்றியபின் ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டு மூடி வையுங்கள். படம் இடவலமாக மாறித்தான் வரும் என்பதால், மூலையில் பெயர் போடுவதாக இருந்தால் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி அடுக்குங்கள். க்னோசிஸ் நேராகப் பதித்தவர், அவருக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.