ஜூஸர் வாங்கப் போறீங்களா? கோல்டு பிரஸ்ஸா, சாதா ஜூஸரா... யாருக்கு எது சரியா வரும்?

வெயில் ஏறத் தொடங்கினாலே ஆன்லைன் ஷாப்பிங் தளங்களில் ஜூஸர் விளம்பரங்கள் வரிசை கட்டி வந்துவிடும். 1,500 ரூபாய்க்கும் ஒன்று இருக்கிறது, 20,000 ரூபாயைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. இரண்டுமே 'ஃப்ரெஷ் ஜூஸ்' என்றுதான் சொல்கின்றன. அப்போ வித்தியாசம் எங்கே? ஆசையா வாங்கி, நாலே வாரத்தில் பரண் மேல் ஏற்றிவிடாமல் இருக்க என்ன பார்க்கணும்?

முதல் கேள்வி: வீட்டில் என்ன ஜூஸ் குடிப்பீங்க?

மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் யோசிக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

சாத்துக்குடி, ஆரஞ்சு, எலுமிச்சைதான் பெரும்பாலும் என்றால் சிட்ரஸ் ஜூஸர் போதும். பழத்தைப் பாதியாக நறுக்கி, நடுவில் இருக்கும் கூம்பின் மேல் வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. கையால் பிழிவது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். கரன்ட்டில் ஓடுவது ஏறத்தாழ 1,000 முதல் 2,000 ரூபாய். இதில் விதை அரைபடாது. மிக்ஸியில் சாத்துக்குடியை விதையோடு அடித்தால் ஏன் கசக்கிறது என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.

மாம்பழம், வாழைப்பழம், சப்போட்டா, பப்பாளிக்கு ஜூஸரே வேண்டாம். சதைப்பற்று அதிகம் என்பதால் சல்லடையில் அப்பிக்கொள்ளும், கீழே சாறு வராது. மிக்ஸிதான் இதற்குச் சரி. தர்பூசணியும் அப்படித்தான். மிக்ஸியில் ஒரு சுற்று, பிறகு வடிகட்டி.

ஆக, தனியாக ஜூஸர் தேவைப்படுவது கேரட், பீட்ரூட், ஆப்பிள், நெல்லிக்காய், இஞ்சி, கீரை வகைகளுக்குத்தான். இவற்றை அடிக்கடி குடிக்கும் வீடா உங்களுடையது? அப்படின்னா மேலே படியுங்க.

சுழற்றுவதா, நசுக்குவதா?

கடையில் இரண்டு ரகம் காட்டுவார்கள். ஒன்று சென்ட்ரிஃபியூகல், அதாவது சாதா ஜூஸர். மிக்ஸியோடு சேர்ந்து வரும் ஜூஸர் மிக்ஸர் கிரைண்டரிலும் இதே முறைதான். அடியில் துருவல் பல் வைத்த தட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும். பழம் துருவப்பட்டு, சுழலும் வேகத்தில் சாறு சல்லடை வழியாக வெளியே தெறிக்கும். இரண்டு நிமிடத்தில் ஜூஸ் ரெடி. சத்தம் அதிகம், நுரை அதிகம். சக்கையைக் கையில் எடுத்துப் பிழிந்தால் இன்னும் கொஞ்சம் சாறு வரும். கீரையைப் போட்டால் பெரிதாக ஒன்றும் தேறாது.

இன்னொன்று கோல்டு பிரஸ் அல்லது ஸ்லோ ஜூஸர். உள்ளே திருகு போன்ற ஒரு தண்டு நிமிடத்துக்கு 40 முதல் 100 சுற்று வரைதான் சுற்றும். பழத்தை நசுக்கிப் பிழியும். சத்தம் குறைவு, சக்கை நன்றாக வறண்டு வரும், இஞ்சி, கீரையிலும் சாறு எடுக்கலாம். ஆனால் நேரம் பிடிக்கும், விலையும் அதிகம்.

'சத்து அப்படியே இருக்கும்' என்பது உண்மையா?

கோல்டு பிரஸ் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் வரி இது. வேகமாகச் சுற்றும்போது காற்று கலந்து ஜூஸ் சீக்கிரம் நிறம் மாறும், அடுக்கடுக்காகப் பிரியும் என்பது உண்மைதான். ஆனால் சாதா ஜூஸரில் சத்தெல்லாம் வெந்து போய்விடும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை. பிழிந்த உடனே குடிக்கும் வீட்டுக்கு, இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் இரண்டு மூன்று மடங்கு பணம் கொடுக்க அவசியமில்லை.

விலை கூடினால் பலனும் கூடும் என்று நம்புபவர்கள் அமெரிக்காவின் ஜூசெரோ கதையைத் தெரிந்துகொள்ளலாம். 2016ல் 699 டாலருக்கு வந்த மெஷின் அது. நறுக்கிய பழம், காய்கறி அடைத்த பாக்கெட்டை உள்ளே வைத்தால் பிழிந்து தரும். அதே பாக்கெட்டை வெறும் கையாலேயே பிழியலாம் என்று 2017 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் கடையைக் கட்டியது.

கழுவுறது யாரு?

ஜூஸர் பரணுக்குப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சல்லடையின் நுண்ணிய ஓட்டைகளில் சிக்கும் நாரை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். உடனே கழுவாமல் விட்டால் காய்ந்து கெட்டியாகிவிடும். அதனால் கடையிலேயே ஒருமுறை பாகங்களைக் கழற்றி மாட்டிப் பாருங்க. பழம் போடும் வாய் அகலமா இருந்தால் நறுக்கும் வேலை குறையும். சல்லடை தனியாக வாங்கக் கிடைக்குமா, உங்க ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கா என்பதையும் கேளுங்க. 'மோட்டாருக்கு 5 வருஷ வாரன்ட்டி' என்பதில் சல்லடை, ஜார் எல்லாம் பெரும்பாலும் அடங்காது.

ஜூஸ்னா எவ்வளவு வேணா குடிக்கலாமா?

கூடாது. வீட்டில் சர்க்கரையே போடாமல் பிழிந்தாலும், ஜூஸில் இருப்பதைத் தேன், வெள்ளைச் சர்க்கரையோடு சேர்த்துத்தான் கணக்கு வைக்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளில் உடலுக்குப் போகும் மொத்த கலோரியில் இந்த வகைச் சர்க்கரை 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கணும் என்பது அதன் 2015 வழிகாட்டுதல். 2,000 கலோரிக்கு அது 50 கிராம். 200 மில்லி ஆரஞ்சு ஜூஸில் மட்டுமே ஏறத்தாழ 17 கிராம் இருக்கும். நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுவதால் ரத்தத்தில் சர்க்கரையும் வேகமாக ஏறும். சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தினசரி ஜூஸைத் தொடங்க வேண்டும்.

சுரைக்காய் ஜூஸ் குடிப்பவர்கள் கவனத்துக்கு

புது ஜூஸர் வந்ததும் பலர் தொடங்குவது காலையில் சுரைக்காய் ஜூஸ். 2010ல் டெல்லியில் கசப்பான சுரைக்காய் ஜூஸ் குடித்த விஞ்ஞானி ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் நிபுணர் குழு ஆய்வு செய்து எச்சரித்தது. சில சுரைக்காய்களில் குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் அதிகமாக இருக்கும். அடையாளம், கசப்பு. இதற்கென்று மாற்று மருந்து கிடையாது.

அதனால் பிழிவதற்கு முன் ஒரு சின்னத் துண்டை வாயில் வைத்துப் பாருங்க. கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போட்டுடுங்க. தேன், எலுமிச்சை, வேறு ஜூஸ் கலந்து கசப்பை மறைக்கக் கூடாது. குடித்த பிறகு வயிற்றுவலி, வாந்தி, பேதி வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன ஜூஸ் குடிச்சீங்க என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க.