பழைய வீதியும் புதிய அயலும்

பழைய வீடுகளென்றால் எனக்குத் தனியானதொரு பற்றுண்டு. யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த நாற்சார வீடு, 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின்னர் மண்மேடாகிவிட்டது. அதனாலேதான் போலும், எந்த ஊரிலே பழைய கூரையொன்றைக் கண்டாலும் அதனைக் காக்கவேண்டுமென்று மனம் துடிக்கின்றது.

2018ஆம் ஆண்டு, நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், கிரே லின் பகுதியிலே வாடகைக்கு இருந்த என் மகளுடன் சில மாதங்கள் தங்கியிருந்தேன். நூறாண்டு கடந்த மரவீடுகள் இருமருங்கும் நிற்கும் வீதி அது. 'கவுரி' என்னும் அந்நாட்டுப் பெருமரத்தின் பலகைகளால் ஆனவை அவ்வீடுகள். அவற்றின் தோற்றம் கெடாதிருக்க மாநகரசபை தனிக் கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. 2016ஆம் ஆண்டின் நகரத் திட்டம் நெருக்கமான குடியிருப்புக்குப் பல இடங்களில் வழி திறந்தபோதும், இத்தகைய பழைய பகுதிகளுக்கு அக்கட்டுப்பாடுகள் அரணாக நின்றன.

வீதியின் மூலையிற் கைவிடப்பட்ட பட்டறையொன்று கிடந்தது. அங்கே ஒன்பது வரிசைவீடுகள் கட்ட ஒருவர் அனுமதி கோரினார். சுவரோடு சுவர் ஒட்டி, ஒவ்வொன்றும் தனிவாயிலுடன், மூன்று மாடிகளாய் உயரும் வீடுகள். அத்தகைய விண்ணப்பம் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டால், அதனை எதிர்த்தும் ஆதரித்தும் அயலவர் கருத்துரைக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தந்தது. அயலவர் அனைவரும் எதிர்ப்பரென்றே எண்ணிக்கொண்டு விசாரணைக்குச் சென்றேன்.

எதிர்த்தோர் கூறியவற்றில் நியாயமிருந்தது. வெயில் மறையும், வீதியின் அழகு குன்றும். பின்னர், பட்டறைக்கு அடுத்த வீட்டு மூதாட்டி எழுந்தார்.

"என் பெற்றோர் சமோவாவிலிருந்து வந்தபோது, இவை வசதியுள்ளோர் விரும்பாத உளுத்த வீடுகள். ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் வாழ்ந்தோம். இன்று வீடுகள் பத்திரமாக இருக்கின்றன. எங்களவர் எங்கே? என் பிள்ளைகளில் ஒருவருக்கேனும் இவ்வீதியில் இடமில்லை. என் முற்றத்தில் நிழல் விழுமென்கிறீர்கள். விழட்டும். வருபவர்களுக்கு என் வேலியில் ஒரு வழியும் விடுவேன்."

1970களின் நடுப்பகுதியில், விசாக் காலம் கடந்தோரைத் தேடுவதாகக் கூறி, விடியற்காலையிற் பசிபிக் தீவு மக்களின் கதவுகளைப் பொலிசார் தட்டிய நகரம் அது. அதற்காக அரசு மன்னிப்புக் கோரியது 2021இலேதான். அவ்வரலாறு எந்தச் சித்திரத் தூணிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

புதிய வீடுகளும் மலிவாயிரா என்பதை மூதாட்டி அறிவார். ஆயினும், ஒரு குடும்பம் இருந்த அளவு நிலத்திற் பல குடும்பங்கள் இருக்கலாமென்ற கணக்கு அவருக்குப் போதுமாயிருந்தது.

அன்றிரவு என் பழைய வீட்டை நினைத்துப் பார்த்தேன். தூண்களின் வேலைப்பாடு நினைவில் மங்கியிருந்தது. கிடுகு வேலியில் அயல்வீட்டார் வந்துபோக விட்டிருந்த பொட்டு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதன்வழியே ஆச்சி கறிக்கிண்ணம் நீட்டுவார். அதன்வழியேதான் எங்கள் துக்கங்களுக்கும் ஆட்கள் வந்தார்கள்.

நான் ஊர் திரும்பிய பின்னர், அனுமதி கிடைத்துவிட்டதென மகள் அறிவித்தாள்.

"வேலியில் வழி விட்டாரா?" என்று கேட்டேன்.

"வீடுகள் எழுமுன்பே விட்டுவிட்டார், அப்பா" என்றாள்.